மலை வீட்டில் பவளத் தொட்டி: துளை போட்டதா, போடாததா?

குன்னூரில் கடல் மீன் வளர்க்கிறேன் என்றால், கேட்பவர்கள் முதலில் குளிரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். குளிர் எனக்குப் பெரிய தொல்லை கொடுத்ததில்லை. நல்ல ஹீட்டர் இரண்டு வாங்கினால் அது தீர்ந்துவிடுகிறது. என் தூக்கத்தைக் கெடுத்தது மின்வெட்டு. ஓர் ஆடி மாதக் காற்றில் எங்கள் சாலையில் சீகை மரம் ஒன்று மின்கம்பி மேல் சாய்ந்தது. மாலை ஆறு மணிக்குப் போன கரண்ட் இரவு இரண்டரை மணிக்குத் திரும்பியது. காலையில் எழுந்து பார்த்தால் வரவேற்பறையின் பலகைத் தரை முழுக்க உப்புநீர், ஒரு வாளிக்குக் குறையாமல். துளையில்லாத அந்தத் தொட்டியை விற்றவர், அதிலிருந்து நீரை வெளியே இழுக்கும் குழாயைக் காட்டி "இந்த சைபன் ஒருநாளும் அறாது சார்" என்று உறுதி சொல்லியிருந்தார். அறுந்துவிட்டது. அந்தத் தரைப் பலகைகள் இரண்டு இன்றும் மழைக்காலத்தில் உப்பி நிற்கின்றன.

அதற்குப் பிறகு நான் கட்டிய தொட்டி, தண்ணீர் வெளியேறக் கண்ணாடியிலேயே துளை போட்டது. நீலகிரியில் பவளத் தொட்டி தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால், பெரும்பாலும் "துளை போட்டுவிடுங்கள்" என்றுதான் சொல்வேன். துளை வேண்டாம் என்று நானே சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. எந்த வீட்டுக்கு எது என்பதைக் காரணத்தோடும் கணக்கோடும் எழுதுகிறேன்.

தண்ணீர் எப்படிக் கீழே இறங்குகிறது

பவளத் தொட்டி பெரும்பாலும் இரண்டு தொட்டிகளால் ஆனது. மேலே பவளமும் மீனும் இருக்கும் தொட்டி. கீழே அலமாரிக்குள் சம்ப். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), ஹீட்டர், நீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் மோட்டார் எல்லாம் சம்ப்பில்தான் இருக்கும். (நம் ஊரில் சம்ப் என்றால் வாசலில் தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி. பிளம்பரிடம் "சம்ப்புக்குக் குழாய் போட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் கடப்பாரையோடு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.) மோட்டார் தண்ணீரை மேலே தள்ளுகிறது. மேலே சென்ற தண்ணீர் அதே வேகத்தில் தானாகக் கீழே இறங்கியாக வேண்டும். அந்த இறக்கம் எந்த வழியாக என்பதில்தான் இரண்டு தொட்டிகளும் வேறுபடுகின்றன.

துளை போட்ட தொட்டியில், கண்ணாடியிலேயே துளையிட்டுக் குழாய் பொருத்தியிருக்கும். தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டினால் வழிந்துதான் ஆக வேண்டும். அதைச் செய்ய வேறு எந்தக் கருவியும் வேண்டியதில்லை, புவியீர்ப்பு போதும். துளையில்லாத தொட்டியில், பின்பக்க விளிம்பில் ஒரு ஓவர்ஃப்ளோ பெட்டி தொங்கும். அதற்குள் தலைகீழான 'ப' வடிவக் குழாய் ஒன்று தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தண்ணீரை சைபன் முறையில் வெளியே இழுக்கும். குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை சைபன் ஓடும். உச்சியில் காற்று சேர்ந்தால் நின்றுவிடும். அது நின்றது மோட்டாருக்குத் தெரியாது. அது தன்பாட்டுக்குத் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

மலை இதில் எங்கே வருகிறது

இந்த வேறுபாடு சென்னையிலும் உண்டு. ஆனால் மலையில் மூன்று விஷயங்கள் கூடுகின்றன.

முதலாவது மின்சாரம். தென்மேற்குப் பருவக் காற்று தொடங்கினால் மரம் விழாத வாரம் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அது விதிவிலக்கு. ஆனாலும் சாதாரண ஆடி மாதத்திலேயே கரண்ட் போவதும் வருவதும் நாளுக்கு நாலு முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் சைபனுக்கு ஒரு தேர்வு. ஆண்டுக்கு ஐந்து முறை தேர்வு எழுதும் சைபனும் நூறு முறை எழுதும் சைபனும் ஒன்றல்ல.

இரண்டாவது பிராணவாயு. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 25 டிகிரி வெப்பமுள்ள கடல் நீர் கடற்கரையில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே நீர் உதகையில் 5.1 மில்லிகிராம்தான் வைத்துக்கொள்ளும். எனவே நீரின் மேற்பரப்பு எண்ணெய்ப் படலம் இல்லாமல் சுத்தமாக இருப்பதும், நீர் புரண்டு காற்றோடு கலப்பதும் கீழே உள்ள ஊர்களைவிட இங்கு முக்கியம். மேற்பரப்பு நீரை இடைவிடாமல் வழித்தெடுக்கும் ஓவர்ஃப்ளோ இதில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. துளை போட்ட தொட்டியில் நீண்ட வழிவிளிம்பு, அதாவது நீர் வழிந்து விழும் விளிம்பு, வைக்கலாம். தொங்கும் பெட்டியின் வாய் அதன் அகலம் அளவுக்குத்தான்.

மூன்றாவது குளிர். மார்கழி, தை இரவுகளில் உதகைப் புல்வெளியில் உறைபனி படியும்போது, வீட்டுக்குள் 10, 12 டிகிரிதான் இருக்கும். பவளத்துக்கு வேண்டியது 24 முதல் 27 டிகிரி. ஆகவே சம்ப்பில் ஹீட்டர் இருக்கும், மேலும் கீழும் நீர் சுழன்றால்தான் அந்தச் சூடு மேல் தொட்டிக்குப் போகும். இறங்கும் வழி அடைத்தால் மேலே குளிர்கிறது, கீழே கொதிக்கிறது.

"மலையில் காற்றழுத்தம் குறைவு, அதனால்தான் சைபன் அறுகிறதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் காரணம் அதுவல்ல. கடற்கரையில் சைபன் சுமார் 10 மீட்டர் உயரம்வரை நீரை ஏற்றும். உதகையில் அது எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறையும். நம் குழாய் ஏற்றுவது ஒரு சாண் உயரம். சைபனை அறுப்பது மெல்ல மெல்லச் சேரும் காற்றுக் குமிழிகள்தான். நீரோட்டம் மெதுவாக இருந்தால் குமிழிகள் அடித்துச் செல்லப்படாமல் உச்சியில் தங்கிவிடும். பாசி, நத்தை என்று வேறு எதிரிகளும் உண்டு.

முதல் படி: சம்ப் உண்மையிலேயே வேண்டுமா?

துளையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். 100 லிட்டருக்குள் சிறிய தொட்டி, சில மென்பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள் என்பதுதான் திட்டம் என்றால் சம்ப் தேவையில்லை. பின்பக்கத்தில் தடுப்புச் சுவர் வைத்து, அதற்குள்ளேயே வடிகட்டியும் ஹீட்டரும் மோட்டாரும் அடங்கும் தொட்டிகள் கிடைக்கின்றன. உள்ளூர்க் கண்ணாடிக் கடையிலும் கட்டித் தருவார்கள். தண்ணீர் தொட்டியை விட்டு வெளியே போவதே இல்லை. கரண்ட் எத்தனை முறை போனாலும் தரை நனையாது. வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு ஓராண்டுப் படிப்புக்கு வருபவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகும் வங்கிக்காரர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் என் பரிந்துரை இதுதான்.

150 லிட்டரைத் தாண்டினால், அல்லது கடினப் பவளங்கள் வைக்கும் ஆசை இருந்தால், சம்ப் இல்லாமல் சிரமப்படுவீர்கள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடினப் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மன்னார் வளைகுடாவிலிருந்து "ஒரு துண்டுதானே" என்று எடுத்துவருவது குற்றம். உரிய ஆவணங்களோடு இறக்குமதியானதை மட்டும் வாங்குங்கள். கோமாளி மீன்களை நம் நாட்டிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கிறார்கள். கடலிலிருந்து பிடித்ததைத் தேட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: தரை தாங்குமா?

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி 430 லிட்டர் கொள்ளும். கடல் நீரின் எடை மட்டும் 440 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி 85 கிலோவுக்கு மேல். பாறை, மணல், சம்ப், அலமாரி எல்லாம் சேர்ந்தால் எழுநூறை நெருங்கும். குன்னூர், கோத்தகிரிப் பழைய பங்களாக்களின் பலகைத் தரை இதைத் தாங்கும் என்று நம்பி வைக்காதீர்கள். சிமெண்டுத் தரையுள்ள கீழ்த்தள அறையே நல்லது.

மூன்றாம் படி: கண்ணாடியைச் சோதித்தல்

டஃபன்ட் கண்ணாடியில், அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து வலுவேற்றிய கண்ணாடியில், துளை போட முடியாது. துரப்பணம் தொட்ட சற்று நேரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். உள்ளூரில் அளவு சொல்லிக் கட்டும் தொட்டிகளில் சாதாரணக் கண்ணாடிதான் இருக்கும். தொழிற்சாலையில் செய்து வரும் ஆயத்தத் தொட்டிகளில் அடிக்கண்ணாடி பல நேரங்களில் டஃபன்ட். சில தொட்டிகளில் பக்கவாட்டும் அப்படியே இருக்கலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் மடிக்கணினியின் எல்.சி.டி. திரையை வெள்ளையாக ஒளிரவிட்டு வையுங்கள். முன்னாலிருந்து போலராய்டு குளிர்க்கண்ணாடி அணிந்து பாருங்கள். தலையை மெல்லச் சாய்க்கும்போது கண்ணாடியில் கறுப்புத் திட்டுகளோ வரிகளோ தெரிந்தால் அது டஃபன்ட். திரை முழுக்க ஒரே சீராக இருண்டு வெளுத்தால் சாதாரணக் கண்ணாடி. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று முடிவு செய்ய வேண்டாம்.

புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் இத்தனை சோதனையும் வேண்டாம். தொட்டியை ஒட்டும் முன்பே பின்கண்ணாடியில் துளை போடச் சொல்லிவிடுங்கள். கோவையில் பெரிய கண்ணாடிக் கடைகளில் துளையிடும் இயந்திரம் இருக்கிறது, இரண்டு பக்கத்திலிருந்தும் துளைப்பதால் விளிம்பு சிதறாது. துளை போட்ட கண்ணாடிகளைத் தனித்தனியாக மலைக்குக் கொண்டுவந்து வீட்டிலேயே ஒட்டுவது, முழுத் தொட்டியை வேனில் ஏற்றிக் கொண்டைஊசி வளைவுகளில் உருட்டிக்கொண்டு வருவதைவிடப் பாதுகாப்பு. ஆனால் குளிரில் சிலிக்கோன் இறுக நாளாகும். கீழே இரண்டு நாள் என்றால் இங்கு ஒரு வாரம் விடுங்கள். பூஞ்சை பிடிக்காத குளியலறை சிலிக்கோன் எதையும் தொடாதீர்கள், அதில் கலந்திருக்கும் மருந்து மீனைக் கொல்லும்.

துளை போட முடியாதவர்களுக்கு

தொட்டி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, கண்ணாடி டஃபன்ட், சம்ப்பும் வேண்டும். இந்த நிலையில் தொங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிதான் வழி. அதைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, ஒழுங்காக அமைத்தால் வேலை செய்யும்.

'ப' குழாயின் உச்சியில் சேரும் காற்றை உறிஞ்ச ஒரு சிறு மோட்டார் இணைக்கும் வகைகள் உண்டு. அந்த வகையையே வாங்குங்கள். அந்தச் சிறு மோட்டாரையும் மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், அது அடைத்தால் காவல்காரன் தூங்கியதுபோல. குழாய் தேவைக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது. பெரிய குழாயில் நீர் மெதுவாக ஓடும், குமிழி தங்கும். பெரிது நல்லது என்ற வழக்கமான எண்ணம் இங்கே தலைகீழ்.

அடுத்தது மிதவைச் சுவிட்ச். மேல் தொட்டியின் நீர் வழக்கமான மட்டத்துக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் ஏறினால் ரிட்டர்ன் மோட்டாரை அணைக்கும்படி ஒன்று பொருத்துங்கள். ஆனால் முழு நம்பிக்கையை அதன் மேல் வைக்காதீர்கள். உப்புப் படிந்தால் மிதவை ஒட்டிக்கொள்ளும்.

உண்மையான காப்பு சம்ப்பின் அளவுக் கணக்கில் இருக்கிறது. சம்ப்பில் ரிட்டர்ன் மோட்டார் இருக்கும் அறையில் மோட்டாரால் உறிஞ்சக்கூடிய நீர் எவ்வளவோ, அது முழுவதும் மேல் தொட்டியின் விளிம்புக்குள் அடங்க வேண்டும். என் பழைய தொட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டியின் நீர்ப்பரப்பு 120 × 60 செ.மீ. அதாவது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 7.2 லிட்டர். நீர் மட்டம் விளிம்புக்கு 4 செ.மீ. கீழே. மிச்ச இடம் 28.8 லிட்டர். ரிட்டர்ன் அறை 30 × 40 செ.மீ., மோட்டாரால் இழுக்க முடிந்த உயரம் 15 செ.மீ. அதாவது 18 லிட்டர். சைபன் அறுந்தாலும் 18 லிட்டரை மேலே தள்ளிவிட்டு மோட்டார் வெறுமனே சுற்றும், தரை நனையாது. கணக்கு சரிதானே?

சரிதான், தானியங்கி நீர்நிரப்பி இல்லாதவரை. ஆவியாகும் நீரை ஈடுகட்ட 25 லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் வைத்து, ரிட்டர்ன் அறையின் மட்டம் குறைந்தால் தானாக ஊற்றும் கருவியையும் பொருத்தியிருந்தேன். சைபன் அறுந்தது, அறை வற்றியது. நிரப்பி தன் கடமையைச் செய்தது. ஊற்றியதையெல்லாம் மோட்டார் மேலே அனுப்பியது. 18-ம் 25-ம் 43. இடம் இருந்தது 28.8-க்கு. மிச்சம் 14 லிட்டர் பலகைத் தரைக்கு. தொட்டியில் உப்பின் அடர்த்தியும் இறங்கியிருந்தது. சூடேற்றிய தொட்டி குளிர்ந்த அறையில் நிறைய ஆவியாகும் என்பதால் மலையில் எல்லோருமே நிரப்பி வைக்கிறோம். தொங்கும் பெட்டி வைத்திருந்தால் கேனின் அளவையும் கணக்கில் சேருங்கள். 10 லிட்டர் கேன் வைத்திருந்தால் அன்று மொத்தம் 28-தான் ஆகியிருக்கும். மயிரிழையில் தப்பியிருப்பேன்.

நான்காம் படி: துளையை எங்கே போடுவது

அடிக்கண்ணாடியிலும் போடலாம், பின்கண்ணாடியின் மேற்பகுதியிலும் போடலாம். என் தேர்வு பின்கண்ணாடி. அடியில் போட்ட துளையின் பொருத்து ஒழுகினால், அதைச் சுற்றியுள்ள பெட்டி மொத்தமும் வடிந்துவிடும். பின்பக்கம் மேலே போட்டது ஒழுகினால் துளை மட்டம்வரைதான் நீர் இறங்கும், மீனுக்கு ஆபத்தில்லை. சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டியிருக்கும். பழைய கல் சுவர்கள் மழைக்காலத்தில் வியர்க்கும் வீடுகளில் அந்த இடைவெளி எப்படியும் தேவை.

முதலில் டேங்க் நிப்பிளை (துளையில் குழாயைப் பொருத்தும் மரையுள்ள துண்டு) வாங்குங்கள், பிறகு துளைப்பானை வாங்குங்கள். மாற்றிச் செய்தவர்கள் வருந்தியிருக்கிறார்கள். கடையில் "ஒரு அங்குலம்" என்று கொடுக்கும் நிப்பிளின் உடல் விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அளந்து பார்த்து, அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் பெரிய துளைப்பான் வாங்க வேண்டும். துளையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் விட்டம் அளவு கண்ணாடி இருக்க வேண்டும். 45 மி.மீ. துளை என்றால் அதன் மையம் ஓரத்திலிருந்து 68 மி.மீ. உள்ளே. அடுத்தடுத்த துளைகளுக்கு இடையிலும் அதே இடைவெளி.

எத்தனை துளை? ஒன்று போதும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரே குழாயில் காற்றும் நீரும் சேர்ந்து இறங்கினால் கழிவறையில் தண்ணீர் விட்டதுபோல நாள் முழுக்கச் சத்தம் கேட்கும். ஒரு நத்தை போய் உட்கார்ந்தால் அதுவும் அடைத்தது. இரண்டு துளை போட்டால், ஒன்றில் வால்வு வைத்து முழு சைபனாகச் சத்தமின்றி ஓடவிடலாம். மற்றது அவசரக் குழாய், வழக்கமாக வறண்டே இருக்கும். மூன்று துளை இன்னும் நல்லது. முதல் குழாய் முழு சைபன். இரண்டாவதில் மிச்சமாகும் சிறிதளவு நீர் வழியும். மூன்றாவது அவசரத்துக்கு. கரண்ட் வந்து மோட்டார் தொடங்கும் முதல் நிமிடத்தில் சைபன் பிடிக்கும்வரை இரண்டாவதும் மூன்றாவதும் தாங்கிக்கொள்ளும். யாரும் எழுந்து வந்து எதையும் திருக வேண்டாம். பவளத் தொட்டிக்காரர்கள் இதை 'பீன் அனிமல்' முறை என்பார்கள், அதை உருவாக்கியவர் இணையத்தில் வைத்திருந்த புனைபெயர் அது. நான் மூன்றுதான் போட்டேன்.

ஐந்தாம் படி: துளை போடும் நாள்

கண்ணாடிக் கடையில் போட முடிந்தால் அங்கேயே போடுங்கள். வீட்டில்தான் என்றால், வைரத்தூள் பூசிய வட்டத் துளைப்பானும், வேகம் குறைக்கக்கூடிய கைத்துரப்பணமும் வேண்டும். கண்ணாடியின் பின்புறம் அகலமான ஒட்டுநாடாவை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். வெட்டுண்ட வில்லை கீழே விழாமல் பிடிக்கும், விளிம்பும் குறைவாகச் சிதறும். முன்புறம் குறித்த இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரப்பு கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியைப் படுக்கவைத்தால்தான் இது நடக்கும்.

தொடக்கத்தில் துளைப்பான் கண்ணாடியில் வழுக்கி ஓடும். நடுவில் வட்ட ஓட்டை வெட்டிய மரப்பலகையை வழிகாட்டியாக வைத்தால் ஓடாது. வேகம் மிகக் குறைவாக இருக்கட்டும். அழுத்தவே கூடாது, கருவியின் எடையே போதும். வெட்டும்போது வெள்ளைக் கூழ் வரும், அதுதான் சரி. வறண்ட தூள் பறந்தால் தண்ணீர் போதவில்லை, உடனே நிறுத்துங்கள். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. 10 மி.மீ. கண்ணாடிக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். கடைசி ஒரு மில்லிமீட்டரில்தான் எல்லோருக்கும் பொறுமை போகிறது. அங்கே இன்னும் மெதுவாகப் போங்கள். முடிந்ததும் விளிம்பை வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேயுங்கள்.

ஆறாம் படி: குழாய்கள்

டேங்க் நிப்பிளின் ரப்பர் வாஷர் தொட்டியின் உள்பக்கம், அகலத் தட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வர வேண்டும். மரையைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று. அவ்வளவுதான். எங்கள் பிளம்பருக்கு இது பிடிக்கவே இல்லை.

"கையால் முறுக்கினால் ஒழுகும் தம்பி. பைப் ரெஞ்ச் போட்டால்தான் நிற்கும்."

"இது சிமெண்டுத் தொட்டி இல்லை அண்ணா, கண்ணாடி."

"கண்ணாடி என்றால் மட்டும் தண்ணீர் ஒழுகாதா?"

நியாயமான கேள்வி. ஒழுகினால் அவரையே அழைப்பதாக வாக்களித்து ரெஞ்சைப் பையில் போட வைத்தேன். இதுவரை அழைக்கவில்லை.

சைபன் குழாயின் வால்வு விஷயத்தில் கவனம். நுணுக்கமாகத் திருகிச் சரிசெய்யக் கேட் வால்வுதான் ஏற்றது. ஆனால் நம் ஹார்டுவேர் கடைகளில் கேட் வால்வு என்று கேட்டால் பித்தளையைத்தான் எடுத்து வைப்பார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்புநீரில் அது கரையும், பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு. பிளாஸ்டிக் கேட் வால்வு கிடைக்காவிட்டால் பி.வி.சி. பால் வால்வை வையுங்கள். சரிசெய்யச் சற்றுப் பாடுபடுவீர்கள், பவளம் பிழைக்கும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு யூனியன் வையுங்கள், கழற்றிக் கழுவ உதவும். குளிரில் குழாய்ப் பசையும் மெதுவாகத்தான் காயும். ஒட்டிய அன்றே தண்ணீர் விடாதீர்கள்.

ஹீட்டர்களை ரிட்டர்ன் அறையில் வைக்காதீர்கள். அங்குதான் மட்டம் ஏறி இறங்கும், நீர் குறைந்தால் ஹீட்டர் வெளியே தெரிந்து உடையும். தடுப்புக்கு முந்தைய, மட்டம் மாறாத அறையில் வையுங்கள். 430 லிட்டருக்கு 600 வாட் ஒன்றைவிட 300 வாட் இரண்டு நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றது இரவைக் கடத்தும்.

ஏழாம் படி: வடிந்து இறங்கும் நீர்

துளை போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கரண்ட் போனதும் மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். வழிவிளிம்புக்கு மேல் நிற்கும் இரண்டு சென்டிமீட்டர் நீர் 14 லிட்டர். துளைகளைச் சுற்றியுள்ள ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பது ஏழெட்டு லிட்டர். மொத்தம் 22 என்று வையுங்கள். 90 × 40 செ.மீ. சம்ப்பில் நீர் மட்டத்துக்கு மேல் 16 செ.மீ. காலியாக இருந்தால் 57 லிட்டர் தாங்கும். தாராளம்.

ஆனால் ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்கடியில் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால்? மோட்டார் நின்றதும் அதே குழாய் பின்னோக்கி சைபனாகி, வாய் வெளியே தெரியும்வரை இழுக்கும். அதுவே 72 லிட்டர். சம்ப் வழிந்துவிடும். இந்தத் தவறு துளை போட்ட தொட்டி, போடாத தொட்டி இரண்டுக்கும் பொது. வாயை நீர்மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் வைக்காதீர்கள். மட்டத்துக்குச் சற்றே கீழே குழாயில் சிறு துளை ஒன்றும் போடுங்கள், காற்று புகுந்து சைபன் அறும். (ஒரு சைபன் அறக்கூடாது, இன்னொன்று அறவேண்டும். இந்தப் பொழுதுபோக்கே அப்படி.) அந்தச் சிறு துளையில் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள். ஒருவழி வால்வை நம்பாதீர்கள், சுண்ணாம்புப் பாசி படிந்தால் முழுதாக மூடாது.

எட்டாம் படி: உப்புக்கு முன் ஒத்திகை

சாதாரணத் தண்ணீரை நிரப்பி மோட்டாரை ஓடவிடுங்கள். வால்வைத் திருகி, இரண்டாவது குழாயில் நூல்போல நீர் வழியும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். மோட்டாரின் திறனைப் பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துக் கணக்கிடாதீர்கள், ஒன்றேகால் மீட்டர் உயரம் ஏற்றும்போது அதில் கணிசமாகக் குறையும். மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் மேலே போய்ச் சேர்ந்தால் இந்த அளவுத் தொட்டிக்குப் போதும்.

பிறகு மெயின் சுவிட்சை அணையுங்கள். பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். இப்படிப் பத்து முறை செய்யுங்கள். ஒருமுறை அணைத்த ஐந்தாவது நொடியிலேயே போட்டுப் பாருங்கள், காற்றுக் காலத்தில் கரண்ட் அப்படித்தான் கண்ணடிக்கும். ஒருமுறை இரவு முழுக்க அணைத்து வையுங்கள். ஒருமுறை வேண்டுமென்றே முதல் குழாயைத் துணியால் அடைத்து, மற்ற இரண்டும் முழு நீரையும் தாங்குகின்றனவா என்று நின்று பாருங்கள். தொங்கும் பெட்டிக்காரர்கள் 'ப' குழாயைக் கையால் தூக்கி சைபனை அறுத்துவிட்டு, மோட்டார் வறண்டு சுற்றும்வரை காத்திருந்து, மேல் விளிம்பைப் பாருங்கள். நிரப்பியின் கேனையும் முழுதாக நிரப்பி வைத்துக்கொண்டு செய்யுங்கள். நான் அன்று கேனை இணைக்காமல் சோதித்தேன்.

பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றையும் இந்த நாளிலேயே மேல் தொட்டியில் பொருத்தி, கரண்ட் போனதும் தானாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள். மலை நீரில் பிராணவாயுவின் கையிருப்பே குறைவு என்பதால் நீண்ட மின்வெட்டில் மீனைக் காப்பது அதுதான். தொட்டியைப் போர்த்த ஒரு பழைய கம்பளியும் எடுத்து வையுங்கள்.

எல்லாம் நின்ற நிலையில் சம்ப்பில் நீர் எந்த உயரத்துக்கு ஏறி நிற்கிறதோ, அதற்கும் சம்ப்பின் விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் இடமாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சியிருந்தால் மோட்டாரைப் போட்டு, ஓடும்போது ரிட்டர்ன் அறையில் நிற்கும் மட்டத்தில் அழியாத மையால் ஒரு கோடு இழுத்து, 'இதற்கு மேல் ஊற்றக்கூடாது' என்று வீட்டில் உள்ளவர்களிடமும் காட்டிவிடுங்கள். அடுத்த நாள் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, ஆர்.ஓ. நீரில் உப்பைக் கரைக்கத் தொடங்கலாம்.